ஆட்சேபம் உண்டா?

"அந்த அம்மா மூணு மணிக்கு வர்றாங்க. ஆட்சேபம் உண்டான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

தங்கை வீட்டுக்காரர் காலையிலிருந்து நாலாவது தடவையாகச் சொன்னார். தங்கை தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "சரிங்க" என்றாள்.

வரப்போகிறவர் துப்பாக்கி உரிமம் புதுப்பிக்கிற போலீஸ் அதிகாரி. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே வந்து, துப்பாக்கி வைத்திருக்கும் இரும்பு அலமாரியைப் பார்த்து, மனைவியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். மாப்பிள்ளைக்கு பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுடும் கிளப்புக்குப் போய் இரண்டு கோப்பை ஜெயித்தவர்.

அந்த ரைபிளை அவர் யார் மீதும் நீட்டியதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். போன மழைக்காலத்தில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று தங்கை பிடிவாதம் பிடித்தாளாம். மனுஷர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார், ரைபிளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார், "இப்பப் பேசு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதிர்ப்பேச்சே கிடையாது. என்னிடம் இதைச் சொல்லும்போதுகூட அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்தான் சொன்னாள்.

"அதிகாரிகிட்ட சொல்லிடேன்டி" என்றேன்.

"சொல்லிட்டா? எழுதிக்கிட்டுப் போவாங்க, விசாரிப்பாங்க, தாள் மேல தாள் போகும். அதுவரைக்கும் அது இங்கதானேக்கா இருக்கும்? நானும் இங்கதானே இருப்பேன்?"

முந்தின நாள், கண் வலிக்கிறது என்று உரிமக் கையேட்டை என்னைப் படிக்கச் சொன்னாள். நாலாம் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை. அலமாரி, பூட்டு, சாவி என்று என்னென்னவோ விதி. எனக்குப் பாதி தலையில் ஏறவில்லை.

வெளிநாட்டிலிருந்து அவள் கொழுந்தன் வந்திருந்தான். அவனுக்கு ஒரே சிரிப்பு.

"ஏண்ணா, நீ துப்பாக்கி வெச்சுக்க அண்ணிகிட்ட அனுமதியா? எங்க நாட்டுல கடைக்குப் போனோமா, அட்டையை நீட்டினோமா, காய்கறி மாதிரி வாங்கிட்டு வந்தோமான்னு இருக்கும்."

"இங்க தும்மறதுக்கும் ஒரு தாள்டா" என்றார் மாப்பிள்ளை.

"அங்க பெண்டாட்டியை யாரும் கேக்க மாட்டாங்களா தம்பி?" என்றாள் தங்கை.

"எதுக்கு அண்ணி? சுடப்போறது அவளா?"

"அவ இல்லைதான்" என்று நூலைக் கடித்தாள் தங்கை.

அவனுக்கு அது உறைக்கவில்லை. "பாதுகாப்பும் பலமா இருக்கும் அண்ணி. என் பொண்ணுக்கு ஆறு வயசு. யாராவது உள்ள புகுந்துட்டா ஒளியறதுக்குப் பள்ளிக்கூடத்துலயே பழக்கிட்டாங்க. டீச்சர் விளக்கை அணைச்சா, பத்து எண்றதுக்குள்ள மேசைக்கு அடியில போயிடுவா. மூச்சுச் சத்தம்கூட வராது. வகுப்புலயே அவதான் முதல்."

சொல்லி முடிப்பதற்குள் அவன் குரலே இறங்கிவிட்டது. யாரும் பாராட்டவில்லை.

"யாருக்குப் பயந்து ஒளியறா?" என்று கேட்டாள் தங்கை.

அவன் ஒரு பிஸ்கட்டை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

மூன்று அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது அதிகாரி வந்தார். குட்டையான அம்மாள், கையில் குடை, கக்கத்தில் கோப்பு. தூக்கம் எப்படி, குடி உண்டா, டிப்போவில் யாரோடாவது தகராறா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளை பேச்சில் தேன் ஒழுகியது. பிறகு, "சார், நீங்க கொஞ்சம் வெளியே இருந்தா அம்மாகிட்ட ஒரு வார்த்தை..." என்றார்.

"என் முன்னாலயே கேளுங்க மேடம். எங்களுக்குள்ள ஒளிவு மறைவே கிடையாது."

அதிகாரி அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆட்சேபம் உண்டாம்மா?"

"எனக்கென்னங்க ஆட்சேபம்? அவர் பொருள், அவர் பொறுப்பு."

பேனா தாளுக்கு மேலேயே நின்றது. இறங்கவில்லை.

"சரி, அலமாரியைப் பாத்துடலாம். சாவி எங்க சார்?"

"அது இருக்கிற இடம் எனக்கு மட்டும்தான் தெரியும் மேடம். நீங்க உக்காருங்க" என்று பெருமையாகப் படுக்கையறைக்குள் போனார்.

முதலில் ஸ்டூல் நகரும் சத்தம். பிறகு இழுப்பறை. பிறகு இன்னொரு இழுப்பறை. கட்டிலையே நகர்த்தினார் போலிருந்தது. அதிகாரி டீயைக் குடித்து முடித்துவிட்டார்.

"ஏண்ணா, புதையலா தோண்டறே?" என்றான் தம்பி.

மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து எட்டிப்பார்த்தார். "இங்கதான்... ஒரே நிமிஷம் மேடம்."

அப்போது என் தங்கை வாய் திறந்தாள். தொலைந்த கண்ணாடியை எடுத்துக் கொடுக்கும்போது எந்தக் குரலில் பேசுவாளோ அதே குரல்.

"சாவியா தேடறீங்க? ரூம் கடிகாரம் நின்னுபோய் பேட்டரி மாத்தறப்போ பின்னால ஒட்டியிருந்துச்சுங்க. பத்திரமா என் பொத்தான் டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்."

மிஷினுக்குப் பக்கத்திலிருந்த டப்பாவைத் திறந்தாள். சட்டைப் பொத்தான் ஒரு கட்டம், கோட்டுப் பொத்தான் ஒரு கட்டம், கொக்கி ஒரு கட்டம். கடைசிக் கட்டத்தில் சாவி மட்டும். அதை எடுத்து அதிகாரியின் கையில் வைத்தாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "சார், உரிமம் உள்ளவரைத் தவிர வேற யார் கைக்கும் சாவி எட்டக் கூடாது. நாலாம் பக்கம். துப்பாக்கி இன்னிக்கே எங்க காவலுக்கு வந்துடும். வேணும்னா புதுசா விண்ணப்பம் போடுங்க."

"மேடம்! அவ ஏதோ பேட்டரி மாத்தறப்போ... ஏய், உனக்கு அறிவிருக்கா?"

"அவங்க மேல தப்பே இல்ல சார். பேட்டரி மாத்தக் கூடாதுன்னு எந்தப் பக்கத்துலயும் போடல. மறைச்சு வைக்கறது உங்க வேலை."

மாப்பிள்ளை தம்பியைத் துணைக்குப் பார்த்தார். அவன் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் திருப்பி வைத்தான். "கொடுத்துடுண்ணா" என்றான். "விடு. கொடுத்துடு."

ரைபிள் நீளப் பையில் ஏறியதும் அதிகாரி அடுப்படிக்கு வந்து தங்கையிடம் தண்ணீர் கேட்டார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

"புது விண்ணப்பம் வந்தா உங்களைத் தனியா ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேப்போம்மா. அவர் பக்கத்துல இருக்க மாட்டார்." தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "பொத்தானெல்லாம் அழகாப் பிரிச்சு வெச்சிருக்கீங்க. சாவிக்குக்கூட ஒரு கட்டம்."

தங்கை தம்ளரைக் கழுவினாள்.

மாப்பிள்ளையும் தம்பியும்கூட வெளியே போன பிறகு கேட்டேன்: "கடிகாரம் நிஜமாவே நின்னுபோச்சாடி?"

"நல்லாத்தான் ஓடிச்சு. நேத்து நான்தான் நிறுத்தினேன்."

சின்ன வயசில் இருட்டுக்குப் பயந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். அவளை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் பார்த்தேன்.

"மறுபடி விண்ணப்பம் போடுவாரே? மறுபடி கேப்பாங்களே?"

"கேக்கட்டும்கா. அதை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு ஆட்சேபம் உண்டான்னு கேட்டா யாருக்கு வாய் வரும்? இப்ப கேக்கட்டும்."

விண்ணப்பம் போட்டார். மூன்றாவது வாரம் அவளுக்குக் கடிதம் வந்தது. துணைக்கு உள்ளே வரட்டுமா என்றேன். "வெளியே உக்காரு, போதும்" என்றாள். கதவுக்கு வெளியே பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து என் தங்கையின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, குழாய்ச் சத்தம் எதுவும் இல்லாமல்.