மலை தொடங்கும் இடம்

பங்குனி மதியம். அண்ணாமலையின் மேற்குச் சரிவில் புகை எழுந்ததும் தீக்காவலர்கள் ஆறு பேரும் ஓடினார்கள். மலையடிவார அகழியைத் தாண்டும்போது வேடியப்பன் மட்டும் நின்று, வனத்துறை புதிதாகக் கொடுத்திருந்த பூட்ஸைக் கழற்றினான்.

"யோவ், இன்னாய்யா பண்ற? அங்க எரியுது!" என்று கத்தினான் கலையரசன்.

"சாமி மேல எப்படிய்யா பூட்ஸோட ஏறுவேன்?"

"சாமியே பத்திக்கினு எரியுது, இவுரு மரியாதை பாக்கறாரு. வாய்யா!"

வெறுங்காலோடுதான் ஏறினான். மலையடி ஊரான அடி அண்ணாமலையில் அவன் வீட்டார் யாரும் மலையைச் செருப்புக்காலால் மிதித்ததில்லை. கோயிலுக்குள் இருப்பது சாமியின் அடையாளம், மலைதான் சாமி.

அவனுக்கும் கலையரசனுக்கும் விட்ட இடம், நட்டு நான்கு வருடமான மரக்கன்றுகள் நின்ற திட்டின் ஓரம். பச்சைத் தழையால் அடித்து அடித்து நெருப்பை நிறுத்தியும்விட்டார்கள். அப்போதுதான் கனன்றுகொண்டிருந்த புல் தூர்களில் அவன் கால் வைத்தான். பாதம் இரண்டும் வெந்துபோயின. கலையரசன் தழையை எறிந்துவிட்டு அவனை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஆளில்லாத அந்த இடத்தில் நெருப்பு மீண்டும் எழுந்து உள்ளே புகுந்தது. கன்றுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

யாரும் திட்டவில்லை. "புண் ஆறினதும் வா. ஆனா பூட்ஸ் போட்டாதான் வேலை" என்று மட்டும் வனக்காவலர் போனில் சொன்னார்.

மருந்து தடவும்போது மனைவி பச்சையம்மாள் கேட்டாள். "பூட்ஸ் போட்டா சாமி கோச்சிக்கும்னு பாத்த. அந்தக் கன்னுங்க யாரு? அது சாமியில சேராதா?"



புண் ஆறியதும் ஒரு காலையில் மெல்ல நடந்து தன் கழனிக்குப் போனான். வரப்பில் உட்கார்ந்து மலையைப் பார்த்தான். அது எங்கே தொடங்குகிறது? அகழியில் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். ஆனால் அகழியை இயந்திரம் வந்து வெட்டியதை அவனே பார்த்திருக்கிறான். அதற்கு முன்பு அவன் அப்பா இன்னும் கீழே, புளியமரத்தடியில் செருப்பை விடுவார். மரத்துக்கு இந்தப் பக்கம் கிடந்த மண் யாருடைய உடம்பு? ஒவ்வொரு மழைக்கும் மலை கரைந்து வந்து படிந்ததுதான் இந்தக் கழனி. இதில் ஏர் ஓட்டியிருக்கிறான், எச்சில் துப்பியிருக்கிறான், விளைந்த மல்லாட்டைக் கடலையைத் தின்று வளர்ந்திருக்கிறான்.

அந்த நினைப்பு ஆறுதலாக இல்லை. செருப்பைக் கழற்றி வைக்க, சாமிக்கு வெளியே இந்த உலகத்தில் ஒரு இடம்கூட இல்லை.

மறுநாள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். கருகிய திட்டில் புதுக் கன்றுகளுக்குக் குழி தோண்டினார்கள். தூங்குகிறவர்கள் நடுவே போவதுபோல அவன் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தான்.

"இன்னாய்யா, புதுப்பொண்ணு மாதிரி நடக்கற? கால் வலிக்குதா?" என்று கேட்டான் கலையரசன்.

"இல்ல."

மாலையில் இறங்கினார்கள். அகழியைத் தாண்டியும் அவன் நடை மாறவில்லை.

"யோவ், மலை முடிஞ்சிடுச்சிய்யா. வேகமா வா, டீக்கடைக்குப் போலாம்" என்றான் கலையரசன்.

வேடியப்பன் கிரிவலப் பாதையின் தார் ரோட்டையும் அப்படியே, மெல்லக் கடந்தான்.