கடுக்காய்ப்பட்டுக்கு டவர் கிடையாது

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். கூட்டமில்லாத நேரத்தில் கதை எழுதுவேன். மரவள்ளிக்குப் பொட்டாஷ் வாங்க வந்த ஒருவர், நான் பில் போடுவதற்குள் பொறுமை இழந்து தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாத்தியா? நம்ம தங்கதுரை நல்லா மாட்டிக்கினாரு!" அவர் மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கதை என் கல்லாவிலேயே தங்கிவிட்டது.

போனில் இருந்தது 'மலையரசி' என்பவள் எழுதிய பதிவு. கல்வராயன் மலையில் கடுக்காய்ப்பட்டு என்ற ஊர்க்காரியாம். (அப்படி ஓர் ஊரைத் தேடாதீர்கள். பெயரை மாற்றிவிட்டேன்.) சாதிச் சான்றிதழுக்கு சிபாரிசு கேட்டுப் போனபோது, ஒன்றியச் செயலாளர் தங்கதுரை தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று எழுதியிருந்தாள். அன்று ராத்திரியே நான் உட்கார்ந்து ஆரம்பித்தேன்:

"பனி மூடிய மலைச்சரிவில், முதுகில் தேயிலைக் கூடையுடன் மலையரசி..."

அடித்துவிட்டேன். கல்வராயன் மலையில் டீக்கடை உண்டு, தேயிலைத் தோட்டம் கிடையாது. மலையரசியின் ப்ரொஃபைல் படத்தில் ஒரு பெண் தேயிலை பறித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து நானும் ஏமாந்துவிட்டேன். இரண்டாவது ஆரம்பம் இது:

"அரசியல் என்பது ஒரு..."

இப்படித் தொடங்கிய வாக்கியம் எதுவும் இதுவரை ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. அதையும் விட்டுவிட்டேன். அதனால்தான் உரக்கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2

தங்கதுரையும் இளவரசனும் ஒரே கட்சி. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். வேட்டிக் கரையின் நிறத்தைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள், மீதிப் பேர் படிக்காமலே ஷேர் செய்வீர்கள்.

தங்கதுரை செயலாளர், இளவரசன் துணைச் செயலாளர். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் இருவரும் ஒரே காரில்தான் வந்து இறங்குவார்கள். ஆனால் தங்கதுரை அடிக்கும் பொங்கல் ஃபிளெக்ஸில் இளவரசனின் முகம் வருஷா வருஷம் சுருங்கி, போன பொங்கலுக்கு பாஸ்போர்ட் சைஸுக்கு வந்துவிட்டது. வரும் தேர்தலில் சீட்டு இருவரில் ஒருவருக்குத்தான். இதற்கு மேல் அரசியல் உங்களுக்கு வேண்டாம், எனக்கும் தெரியாது.

தங்கதுரையை வில்லனாக எழுதுவதில் எனக்கு ஒரு தடங்கல். கடைக்கு வந்தால், "இன்னா மொதலாளி, யாவாரம் எப்டி போய்க்கினு இருக்குது?" என்று தோளில் கை போடுவார். என் மாமனார் செத்தபோது முதல் மாலை அவருடையது. இப்படிப்பட்டவரா என்று யோசித்துக்கொண்டே நான் எழுதியதில் அவர் மேலும் மேலும் நல்லவராகிக்கொண்டே போனார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லார் வீட்டுச் சாவுக்கும் முதல் மாலை அவருடையதுதான். அவர் நல்லவர் என்பதற்கு எங்களிடம் வேறு அத்தாட்சி எதுவும் இருந்ததில்லை. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.)

3

அந்தப் பதிவைப் போடுவது யார் என்று கடைக்கு வருபவர்களிடம் விசாரித்து, மலையரசியைத் தேடிப் போனேன். அவள் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெயர் சுபாஷ்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா. இளவரசன் அண்ணன்தான் இந்தப் பொய் ஐடி ஓட்டச் சொன்னாரு. மலைல யாரோ ஒரு பொண்ணுகிட்ட தங்கதுரை வம்பு பண்ணாருன்னு காத்துவாக்குல ஒரு பேச்சு வந்துது. அத வெச்சி நானா டெவலப் பண்ணேன்."

"அந்தப் பொண்ணு யாருன்னு விசாரிச்சியா?"

"அது எதுக்குண்ணா? நெசப் பொண்ணுன்னா அழுவும், யோசிக்கும், வூட்ல கேக்கணும்னு சொல்லும். மலையரசின்னா நான் சொன்ன நேரத்துக்கு போஸ்ட் போடும்."

எழுத்தாளன் புத்தி சும்மா இருக்குமா? மூன்றாவது பதிவில் கண்ணீர் கொஞ்சம் ஜாஸ்தி, குறைத்திருந்தால் நம்பும்படி இருந்திருக்கும் என்று சொன்னேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு, "நீங்க இப்ப இன்னா எழுதிக்கினு இருக்கீங்க?" என்றான்.

மலைப்பெண் ஒருத்தியைப் பற்றிக் கதை, அவளே தன் வாயால் சொல்வது போல எழுதப் பார்க்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். சுபாஷ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"அப்ப நீங்களும் பொம்பள ஐடிதான் ஓட்டறீங்க!"

"டேய், இலக்கியம் வேற."

"சரிங்கண்ணா. எவ்ளோ லைக் வருது?"

நான் கிளம்பி வந்துவிட்டேன்.

4

மலையரசி தினமும், "இதோ, என் குடிசையில் உட்கார்ந்து கண்ணீரோடு இதை டைப் செய்கிறேன்" என்று முடிப்பாள். அங்கேதான் மாட்டினாள். கடுக்காய்ப்பட்டுக்கு டவர் கிடையாது. ஒரு போன் பேச வேண்டுமென்றால் ஊருக்கு மேலே இருக்கும் பாறைக்கு ஏற வேண்டும். அதற்குப் பெயரே போன் பாறை. சுபாஷ் கீழ்நாட்டுக்காரன், சமவெளியில் பிறந்து வளர்ந்தவன். சிக்னல் எங்கேயும் இருக்கும் என்று நினைத்துவிட்டான்.

தங்கதுரையின் ஆட்கள் இரண்டு ஜீப்பில் மலையேறினார்கள். கோயில் வாசலில் நின்று, போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள். "பாருங்க மக்களே, சிக்னல் ஒரு கோடுகூட வரல. இங்க ஒக்காந்து எப்டிங்க ஒரு பொண்ணு போஸ்ட் போடும்?" அந்த வீடியோவை ஏற்ற, பாவம், அவர்கள் அடிவாரத்துக் கச்சிராயபாளையம் வரை இறங்கி வர வேண்டியிருந்தது.

டவர் இல்லாததே தலைவரின் நேர்மைக்குச் சாட்சி என்று அறிக்கை வந்தது. சின்னசேலத்தில் வெடி வெடித்தார்கள், எனக்கும் ஒரு லட்டு கொடுத்தார்கள். அந்த டவரைக் கொண்டுவருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குக் கொடுத்தவர் தங்கதுரை. வாக்கைக் காப்பாற்றியிருந்தால் மனிதர் மாட்டிக்கொண்டிருப்பார்.

இளவரசன் தரப்பு விடவில்லை. பாறை மேல் ஏறி நின்று, "இதோ ஒரு கோடு வருது" என்று பதில் வீடியோ போட்டார்கள். அப்புறம் கட்சியே இரண்டாகி, ஒரு கோடு வருமா வராதா என்று ராத்திரி பகலாக அடித்துக்கொண்டது. மலையில் ஒரு பெண்ணுக்கு ஏதாவது நடந்ததா இல்லையா என்ற கேள்வி வழியில் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. அது இறங்கியதை நானும் கவனிக்கவில்லை.

எனக்கென்ன, நல்ல சிரிப்புக் கதையாக இங்கேயே முடிந்துவிட்டது. பத்திரிகைக்கு அனுப்பக் கவரெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

5

மறுநாள் காலையில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். விதை வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, "இன்னாம்மா வேணும்?" என்றேன்.

"நீங்க என்னய வெச்சி கதை எழுதிக்கினு இருக்கீங்களாமே?"

பெயர் அருள்மொழி. கடுக்காய்ப்பட்டுதான். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். ஆளை விசாரித்துக் கண்டுபிடித்து, அந்த ஐடியை அழிக்கச் சொல்லி சுபாஷிடம் போயிருக்கிறாள். அவன் அழித்துவிட்டு, என் பெயரையும் கடைக்கு வழியையும் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"உன்ன வெச்சி இல்லம்மா. அது கற்பனை" என்றேன்.

"அந்த ஐடியும் கற்பனைதாண்ணா. அதனால எனக்கு இன்னா ஆச்சு பாருங்க." யூரியா மூட்டைகளைத் தாண்டி உள்ளே வந்தாள். "அந்த ஐடி நான் இல்ல. ஆனா நடந்தது எனக்குதான்."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னாள். வேலைக்கு வந்தவர்களைப் போட்டோ எடுத்து ஆன்லைனில் ஏற்றினால்தான் அவர்களுக்கு வருகைப் பதிவு. அதற்காக வெயிலோ மழையோ அவள் பாறை ஏறி இறங்க வேண்டும். சலித்துப்போய், டவர் கேட்டு ஊரில் கையெழுத்து வாங்கி, அந்த மனுவோடு தங்கதுரை வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததற்குத்தான் கலெக்டர் ஆபீசில், பெண்கள் புகாரை விசாரிக்கும் கமிட்டிக்குப் புகார் கொடுத்திருந்தாள். மலையரசி பிறப்பதற்கு முன்பே கொடுத்த புகார் அது. அதிலிருந்து கசிந்த பேச்சுதான் சுபாஷின் காதுக்குப் போன காற்று.

"இப்ப பஸ்ல ஏறினா, 'நீதான் அந்த டூப்பா?'ன்றாங்க. எங்கம்மாவே, 'அதான் பொய்யின்னு வீடியோல காட்டிட்டாங்களே, நீ இன்னும் எதுக்குடி அலையற?'ன்னு கேக்குது. எனக்கு நடந்தத எங்கம்மா வீடியோ பாத்து தெரிஞ்சிக்குது."

எனக்கு மனசு கலங்கிவிட்டது. வெடி வெடித்த அன்று தின்ற லட்டு நினைவுக்கு வந்து வெட்கமாகவும் இருந்தது.

"இளவரசன் ஆளுங்களும் வந்தாங்கண்ணா. அந்த ஐடி என்னுதுதான், பாறைமேல ஏறிப் போட்டேன்னு மைக்ல சொல்லணுமாம். சொன்னா பெர்மனென்ட் வேலையாம்."

"நீ இன்னா சொன்ன?"

"போடாதத போட்டேன்னு சொல்லிட்டா, அப்பறம் நடந்தத யாரு நம்புவாங்க?"

என்னதான் நடந்தது என்ற கேள்வி என் வாய் வரை வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"திங்கக்கெழம கமிட்டில கூப்ட்ருக்காங்க. அங்க சொல்லுவேன். ஒருவாட்டி சொல்றதே கஷ்டம்ணா."

6

[இந்த இடத்தில் ஒரு பக்கம் இருந்தது. தங்கதுரை வீட்டுக்குள் நடந்ததை அருள்மொழியின் வாயால் எழுதியிருந்தேன். கண்ணீர்கூட அளவாகத்தான் இருந்தது. நன்றாக வந்துவிட்டதே என்றுதான் பயமாகிவிட்டது, கிழித்துவிட்டேன். சுபாஷ் படித்திருந்தால் லைக் போட்டிருப்பான்.]

முடிவுக்கு மூன்று வழி யோசித்தேன்.

அ. தங்கதுரை மனம் வருந்திப் பதவியை ராஜினாமா செய்கிறார். எங்கள் பக்கத்தில் இன்னொரு கட்சியில் சேருவதற்குத்தான் ராஜினாமா செய்வார்கள். யாரும் நம்பமாட்டீர்கள்.

ஆ. தலைமை கூப்பிட்டுப் பேச, இருவரும் சால்வை மாற்றிக்கொள்கிறார்கள். இதை நான் எழுதி முடிப்பதற்குள் நிஜமாகவே நடந்துவிட்டது. புது ஃபிளெக்ஸில் இளவரசன் முகம் பழைய சைஸுக்குத் திரும்பிவிட்டது. இருவர் பேச்சிலும் டவரும் இல்லை, மலையரசியும் இல்லை. இருவருக்கும் இப்போது ஒரே கவலை, கமிட்டி கூடும் திங்கட்கிழமை.

இ. அருள்மொழி எல்லாப் பக்கமும் நெருக்கப்பட்டு, புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி பாறை மேல் தனியாக

இந்த வாக்கியத்தில் இருந்தபோது போன் வந்தது. பாறை மேலிருந்து அவளேதான். கதை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாள். முடிவைப் படித்துக் காட்டினேன்.

"ஏண்ணா," என்றாள், "நான் தோத்தாதான் உங்க கதை நல்லாருக்குமா?"

அந்த வாக்கியத்தை அப்படியே பாதியில் விட்டிருக்கிறேன். திரும்பப் போய்ப் பாருங்கள், முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை.

7

திங்கட்கிழமை, கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ். அருள்மொழி கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். அங்கே எனக்கு வேலை இல்லை, உங்களுக்கும் இல்லை. அவள் சொல்வதைக் கேட்க வேண்டியவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் நல்லபடியாகக் கேட்பார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதும் தைரியம் போன வாரம் வரை இருந்தது.

ரோட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. வாசல் பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் ஒருவர் நீங்கள். (முகத்தைத் திருப்பாதீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தானே இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள்? நானும் அதற்குத்தான் வந்தேன்.)

உங்கள் பக்கத்தில் இருப்பவர் உங்கள் தொடையைத் தட்டுகிறார். "அந்த டூப்பு கேஸு உள்ள போயிருக்குது. வெளிய வந்தா ஒரு வீடியோ எடுத்துக்கலாம்." நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வைக்க என்னால் முடியும், ஆனால் வேண்டாம்.

கதவு திறக்கிறது. அருள்மொழி படியிறங்கி வருகிறாள். பேசிப் பேசித் தொண்டை வறண்டிருக்கிறது. பஸ் போகட்டும் என்று நின்று, ரோட்டைத் தாண்டி, நேரே இந்தக் கடைக்குத்தான் வருகிறாள். "ஒரு டீ குடுங்கண்ணா."

பெஞ்சில் இடமில்லை. பக்கத்து ஆள் போனைத் தூக்கிவிட்டார். நீங்கள் அவருக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். உங்கள் போனும் கையில்தான் இருக்கிறது. ஒரு சாண் நகர்ந்து கொடுத்தால் அவள் உட்கார்ந்துவிடலாம், கேமராவில் உங்கள் முதுகுதான் விழும்.

இதற்கு மேல் நான் எழுதினால் அது பொய் ஐடி ஆகிவிடும். டீ வந்துவிட்டது. அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.