என் தங்கைக்கு மட்டும் ஒரு ஃபைல்

என் தங்கையிடம் ஒரு நீல ஃபைல் இருக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவள் வீட்டைப் பார்த்தோ நகையைப் பார்த்தோ நான் இப்படி எரிந்ததில்லை. போயும் போயும் ஒரு ஃபைலுக்கா என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

அவள் உடம்பில் இரும்புச்சத்து குறைவு என்று நான்கு மாதத்துக்கு முன்னால் கண்டுபிடித்தார்கள். எனக்கு அதே குறை பதினோரு வருடமாக இருக்கிறது. எனக்குக் கிடைத்தது தெருமுனை கிளினிக்கில் தலை நிமிராமல் எழுதித் தரும் ஒரு அட்டை மாத்திரை. "பொம்பளைங்களுக்கு இது சகஜம்மா" என்று அந்த டாக்டர் சீட்டைக் கிழித்து நீட்டும்போதே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். மாத்திரை தின்பேன், கொஞ்சம் தேறுவேன், நிறுத்துவேன், மறுபடி படியேற மூச்சு வாங்கும். திரும்பப் போனால் அதே சீட்டு. பதினோரு வருடத்தில் ஒருவர்கூட "ஏன்?" என்று கேட்கவில்லை.

அவளைக் கேட்டார்கள். பெரிய மருத்துவமனையில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர் முதல் நாளே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மாத்திரை எப்ப வேணா குடுக்கலாம். சாப்பாட்டுல கம்மியா வருதா, வந்தது உடம்புல சேரலையா, இல்ல வெளிய போகுதா? மூணுல எதுன்னு தெரியாம விடமாட்டேன்" என்றாராம். தங்கை இதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நான் "நல்லது" என்றேன்.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு தாள், தாளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் தேதி எழுதிய சிறு சீட்டு என்று அந்த நீல ஃபைலை அவர்தான் தயாரித்தார். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். எனக்குத் தலை சுற்றுகிறது என்றால், "உனக்கென்ன, குதிரை மாதிரி இருக்க" என்பார். கெட்ட மனிதர் இல்லை. குதிரைக்கும் தலை சுற்றும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அவளுக்கு ஐஸ் தின்னும் ஆசை வந்துவிட்டது. கடகடவென்று கடித்துத் தின்பாள். வாத்தியார் அதற்கென்று நான்கு ஐஸ் தட்டு வாங்கி வைத்தார். எனக்கு வந்த ஆசை வேறு. நான் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். மேசைத்துணிக்குப் போடும் கஞ்சி மாவுக் கட்டியை யாரும் பார்க்காதபோது ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொள்வேன். அப்படியொரு சுகம். இதை யாரிடம் சொல்ல முடியும்? அவள் தின்றால் அறிகுறி, நான் தின்றால் திருட்டு.

கொடுத்து வைத்தவள். அவளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வரும் வார்த்தை அதுதான். அவளுக்குக் குழந்தை இல்லை, அதனால்தான் இவ்வளவு தாங்குகிறார்கள் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அன்றைக்கு முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் மறுபடியும் நினைத்தேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளில் கறை இருந்தால் தனியே எடுத்து என் மேசைக்கு அனுப்புவார்கள். டீ, மை, உதட்டுச் சாயம், ரத்தம் எல்லாவற்றுக்கும் என்னிடம் வழி உண்டு. கூடத்தில் எனக்குப் பெயரே கறையக்கா. ரத்தத்துக்கு முதலில் பச்சைத் தண்ணீர், வெந்நீர் பட்டால் கறை நூலோடு வெந்துபோகும். இது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். ஓட்டல் விரிப்புகளில் வரும் ரத்தக்கறை பெரும்பாலும் உள்ளங்கை அளவுதான் இருக்கும். பணக்காரப் பெண்களுக்கு அதுகூட அளவாகத்தான் வரும்போல என்று நான் சொன்னால் மேசையைச் சுற்றி எல்லோரும் சிரிப்பார்கள். நான் நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மாதமாகத் தங்கையின் பரிசோதனைகள் நடந்தன. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், புண் இல்லை. குடலில் புழு இல்லை. சாப்பிடுவது உடம்பில் சேருகிறது. கடைசியில் கர்ப்பப்பையை ஸ்கேன் எடுத்தபோது ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. அன்றைக்கு வாத்தியாருக்குத் தேர்வு மேற்பார்வை. "அக்கா, நீ சும்மா கூட வா, ஃபைலப் பிடிச்சுக்க" என்றாள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, அவள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் அறையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"கட்டி சின்னதுதான். ஆனா வேற எதுவும் கிடைக்கல. இத எடுத்துப் பார்ப்போம். வியாழக்கிழமை வச்சுக்கலாம்" என்றார் டாக்டர். "மாசாமாசம் போறது எப்படி? அதிகமா?"

"எல்லாரையும் போலத்தான் டாக்டர்" என்றாள் தங்கை. ஏற்கெனவே இரண்டு தடவை அதையே சொல்லியிருக்கிறாள், ஃபைலில் இருக்கிறது. நானும் தலையாட்டினேன். அதில் பொய் இல்லை. அவளுக்கு எப்படியோ அப்படித்தான் எனக்கும்.

"வீட்டுல யாருக்காவது ரத்தம் நிக்காம கஷ்டப்பட்டது உண்டா? பல் பிடுங்கும்போது, பிரசவத்துல? ஆபரேஷன் டேபிள்ல நிக்கலைன்னா ஆபத்து, அதுக்காகத்தான் கேக்கறேன்."

"இல்ல டாக்டர். அம்மா நான் நாலு வயசா இருக்கும்போதே காய்ச்சல்ல போயிட்டாங்க" என்றாள் அவள்.

அம்மா காய்ச்சலில் போகவில்லை. மூன்றாவது பிரசவத்தில், வீட்டிலேயே, ரத்தம் நிற்காமல் போனாள். குழந்தையும் தங்கவில்லை. அப்பா ஆள் கூப்பிட ஓடியபோது அந்த அறையில் இருந்தது நான் மட்டும். சின்னவளிடம் காய்ச்சல் என்று சொல் என்றார் அப்பா. அவர் இருந்தவரை சொன்னேன். அவர் போன பிறகும் அதையேதான் சொன்னேன்.

அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை. அவளிடம் எல்லாம் இருந்தது. அப்பா சாகும்வரை அவளைத்தான் மடியில் வைத்துக் கொஞ்சினார், நான் சமைத்தேன். அவள் படித்தாள், நான் துவைத்தேன். இப்போது நோயிலும் அவளுக்குத்தான் டாக்டர், ஃபைல், ஐஸ் தட்டு. அம்மாவின் கடைசி மத்தியானம் ஒன்றுதான் எனக்கே எனக்கென்று இருந்தது. அதையும் எடுத்து அந்த நீல ஃபைலில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மேலே தேதிச் சீட்டு ஒட்டக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிரசவத்தில் யாருக்குத்தான் ரத்தம் போகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் மகன் பிறந்தபோது எனக்கும்தான் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கடைவாய்ப்பல் பிடுங்கியபோது மூன்று நாள் பஞ்சைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். என் நேரம் என்று விட்டுவிட்டேன். தங்கைக்குப் பல்கூட முத்துப் பல், பிடுங்கவே வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அவளை வார்டில் சேர்த்தோம். வாத்தியார் கீழே கையெழுத்துப் போடப் போயிருந்தார். நான் பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தேன். அடியில் நான்காக மடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று இருந்தது.

கையில் ரத்த அழுத்தக் கருவியோடு வந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது எதுக்கும்மா? கைக்குழந்தை ஏதாவது கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"இல்ல சிஸ்டர், எனக்குத்தான். தேதி கிட்ட வந்துடுச்சு. மெத்தை வீணாயிடக் கூடாதுல்ல" என்றாள் தங்கை.

"அதுக்கு பிளாஸ்டிக்கா விரிப்பாங்க?"

"விரிக்காம? எல்லாரும் விரிக்கறதுதானே. நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை அலாரம் வச்சு எழுந்து மாத்துவோம். இல்லக்கா?"

"ஆமா, எல்லாரும்தான்" என்றேன் நான். கறையக்கா சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

நர்ஸின் சிரிப்பு நின்றது. "நான் விரிச்சதில்லையே" என்றாள். "எங்க அக்கா தங்கச்சி யாரும் விரிச்சதில்ல. இத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பத்து வயதில் அம்மாவின் அலமாரியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக்கை எடுத்தவள் நான். வயதுக்கு வந்ததும் எனக்கு விரித்துக்கொண்டேன், பிறகு தங்கைக்கு விரிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா விரித்தாள், நான் விரித்தேன், அவள் விரித்தாள். எங்களுக்குத் தெரிந்த எல்லோரும் அந்த மூன்று பேர்தான். இருபது வருடமாக ஊரார் விரிப்புகள் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. அத்தனையிலும் உள்ளங்கை அளவுதான் கறை. அதைப் பார்த்து நான் பணக்காரப் பெண்களைக் கேலி செய்துகொண்டிருந்தேன். பெண்களெல்லாம் அப்படித்தான், நாங்கள்தான் வேறு மாதிரி.

நாளைக் காலை இவளை மேசையில் படுக்கவைத்து அறுக்கப் போகிறார்கள்.

"சிஸ்டர், டாக்டரக் கூப்பிடுங்க" என்றேன். "உடனே கூப்பிடுங்க. எங்கம்மா காய்ச்சல்ல சாகல."

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

டாக்டர் வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அம்மா, பிரசவம், என் பல், இரண்டு பாட்டில் ரத்தம், பிளாஸ்டிக், அலாரம் எதையும் விடவில்லை. அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார். "பொறாமை டாக்டர்" என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

"நாளைக்கு ஆபரேஷன் கிடையாது" என்றார். "ரத்தம் உறையிறதுல பிறவியிலேயே ஏதோ ஒரு குறை இருக்கலாம். குடும்பத்தோட வரும். நாங்க சாதாரணமா எடுக்கற டெஸ்டுல தெரியாம போயிடும், தனியாத்தான் தேடணும். அது தெரியாம கத்திய வச்சிருந்தா..." வாக்கியத்தை முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுதான்னா அதுக்கு மருந்து இருக்கு. கட்டிய எடுக்கணுமா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கலாம்."

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நர்ஸிடம் புது ஃபைல் ஒன்று கேட்டார். பச்சை நிறத்தில் வந்தது.

"நீங்களும் உக்காருங்க. உங்களுக்கு எத்தனை வருஷமா இப்படி?"

"பதினொண்ணு."

"இத்தனை வருஷத்துல ஏன்னு யாரும் தேடிப் பார்க்கலையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஐஸ், மண்ணு, பச்சரிசி, இப்படி எதாவது தின்னணும்னு தோணுமா?"

"கஞ்சி மாவு" என்றேன். "சலவைக்குப் போடறது." அவர் முகம் சுளிக்காமல் அதை அப்படியே எழுதினார்.

பதினோரு வருடமாக நான் ஏங்கிய நாற்காலி, ஏங்கிய ஃபைல், ஏங்கிய கேள்வி. எல்லாம் ஒரே மத்தியானத்தில் என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தன. முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. பக்கத்தில் கட்டிலில் தங்கை மடித்த பிளாஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். ஆபரேஷன் நின்றதற்கோ, நான் மறைத்ததற்கோ இப்போது கத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன். கத்தினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் முதலில் அவள் கையில் எடுத்தாள், பிறகு என் கையில். ஊசி போட்ட இடத்தில் இருவரும் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் இரண்டு தடவை வந்து பார்த்தாள். இருவருக்கும் நின்றபாடில்லை.

"அக்கா" என்றாள்.

"சொல்லு."

"அம்மா போனப்ப பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தான்."

"பேசினாங்களா?"

"பேசினா. விரிப்ப பச்சைத் தண்ணில போடு, வெந்நீர்ல போட்டுடாதேன்னா. அப்புறம் என் கையப் பிடிச்சுக்கிட்டா. சின்னவ தூங்கறாளான்னு கேட்டா. தூங்கறான்னேன்."

தங்கைக்கு அம்மாவின் முகம்கூட ஞாபகமில்லை என்பது எனக்குத் தெரியும். பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்திக்கொண்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க நான் அவளைப் பார்த்த பார்வை அது.

"கொடுத்து வச்சவக்கா நீ" என்றாள்.