ஐந்து சரணமும்

ஜெபமாலையைக் கையில் சுற்றலாம் என்றால் விரல்கள் இடம் கொடுக்கவில்லை. ஜெயம்மாளின் இடக்கை டம்ளரைப் பிடித்த வளைவிலேயே விறைத்துப் போயிருந்தது. அன்னமேரி கட்டைவிரலை நிமிர்த்திப் பார்த்தாள். ம்ஹூம்.

“வெந்நீர்ல துணிய நனைச்சி ஒத்து மேரிம்மா, எளகும்,” என்றாள் பக்கத்து வீட்டு முத்தம்மா. அவள் மாரியம்மன் கட்சி. ஆனால் சாவு வீட்டில் எந்தச் சாமி என்று பார்க்கிற வழக்கமில்லை. முதலில் வந்து கடைசியில் போகிறவள்.

“நல்ல சாவுக்கா,” என்றாள் அதே தெரு ஜோஸ்லின், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “பாட்டு கேட்டுக்கினே போயிருக்காங்க பாரேன். யாருக்குக் கெடைக்கும்?”

அன்னமேரி வெந்நீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போனாள்.

ஜெயம்மாள் அவளுடைய நாத்தனார், கணவன் அமலநாதனின் அக்கா. கணியம்பாடிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் இருபது வருஷம் குண்டான் குண்டானாகச் சோறு வடித்தவள். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒருசேரக் கொண்டுபோனது. தம்பி போய் மலையடிவாரத்து வீட்டுக்கு அழைத்து வந்து பின்னறையில் கட்டில் போட்டான். ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் இரும்புக் கட்டிலில் தட்டுவாள். டங், டங். அன்னமேரி போவாள். சாமைக் கஞ்சி ஊட்டுவாள், துணி மாற்றுவாள், முதுகில் பவுடர் போடுவாள். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பத்துத் தடவை தட்டினால் எட்டுத் தடவை போனாள். என்ன முகத்தோடு போனாள் என்பதைக் கட்டிலில் கிடந்தவள்தான் சொல்லியிருக்க வேண்டும்; அவளுக்கோ பேச்சு இல்லை.

வெளியில் அன்னமேரியின் பேர் பெரிய பேர். பங்குச் சாமியார் ஊரை இருபது இருபது வீடாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அன்பியம் என்று பேர் வைத்து, ஒரு தலைவியும் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசிப்பது, பாடுவது, நோயாளி வீட்டுக்குப் போய் ஜெபிப்பது. ஆறு வருஷமாக இந்தத் தெருவுக்கு அன்னமேரிதான் தலைவி. யாருக்காவது காய்ச்சல் என்றால் மாத்திரைக்கு முன்னால் அவள் குளுக்கோஸ் பாக்கெட்டோடு வந்து நிற்பாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதில் கேலி பாதி, மரியாதை பாதி.

நேற்றைய கூட்டம் அவள் வீட்டில். சாமியார் ஒரு தாள் அச்சடித்து அனுப்பியிருந்தார்: அன்பு என்றால் என்ன? ஆளுக்கொரு பதில் சொல்ல வேண்டும். பொறுமை என்றாள் ஜோஸ்லின். மன்னிப்பு என்றாள் சுந்தரம்மாள். சொன்னதும் எல்லோரும் அவளுடைய மருமகளைப் பார்த்தார்கள். கடைசியாக அன்னமேரி சொன்னாள்.

“அன்புன்றது வாய்ல கீறது இல்லீங்க. ஒருத்தர் கூப்ட்டா எழுந்து ஓடணும். அவ்ளோதான்.”

அப்போது பின்னறையில் டங் என்றது.

கூடத்தில் பன்னிரண்டு பேர். மத்தியானத்திலிருந்து துணி மாற்றவில்லை. கதவைத் திறந்தால் அந்த நாற்றம் நேராகக் கூடத்துக்கு வரும். அன்னமேரிக்குக் காது மடல் சுட்டது. மறுபடி டங், டங்.

“பாட்டு பாடலாமா?” என்றாள்.

வழக்கமாக இரண்டு சரணத்தோடு நிறுத்துவார்கள். அன்றைக்கு மூன்றாவதும் பாடினாள். அது முடிந்து மூச்சு வாங்கிய இடைவெளியில், உள்ளேயிருந்து மெதுவாக இரண்டு தட்டல். மற்றவர்கள் வாய் மூடுவதற்குள் நாலாவதை எடுத்துவிட்டாள், ஒரு கட்டை ஏற்றி. ஐந்தாவது முடிந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அண்ணி தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தாள். டீ கொடுத்தாள், முறுக்கு கொடுத்தாள். கிளம்பும்போது, “ஒங்க அண்ணிக்கும் ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போலாங்கா,” என்று ஜோஸ்லின்தான் அந்தக் கதவைத் திறந்தாள்.

அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது: அன்பின் பாடல் ஒலிக்க இறைவனில் இளைப்பாறினார்.

சவப்பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது மணி மூன்று. பூசைக்கு முன்னால் சாமியார் பக்கவாசலில் நாற்காலி போட்டுப் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்னமேரி போய் மண்டியிட்டாள். சுந்தரம்மாளோடு கோழிக்காகச் சண்டை போட்டதைச் சொன்னாள். ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாததைச் சொன்னாள். இரண்டு சின்னப் பொய்களைச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள்.

சாமியார் காத்திருந்தார். “வேற ஏதாவது இருக்காம்மா?”

“இல்லீங்க ஃபாதர்.”

துக்க வீட்டார் என்று முதல் பெஞ்சை அவர்களுக்கு விட்டிருந்தார்கள். அமலநாதன், அவள், ஒட்டிக்கொண்டு முத்தம்மா, உள்பக்கமாக உறவுக்காரர்கள் நாலைந்து பேர். பிரசங்கத்தில் சாமியார் சொன்னார்: “அன்பு என்றால் என்னன்னு ஒரு தாளில் கேட்டிருந்தேன். பதில் இதோ, இந்த முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.” கோயிலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. அன்னமேரி தன் பெருவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நற்கருணை அப்பம் வாங்க வரிசை எழுந்தது. அவள் எழவில்லை. பாவத்தை மறைத்துவிட்டு வாங்குவது இன்னொரு பாவம் என்று அவளே எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறாள்.

“அக்கா, வாங்க,” என்று ஜோஸ்லின் தோளைத் தொட்டாள். அன்னமேரி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்: “எழுந்திருக்கக்கூடத் தெம்பில்ல பாரு. இன்னா பாசம்!”

இனி என்ன செய்தாலும் இந்த ஊர் இப்படித்தான் சொல்லும் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. அப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள். அமலநாதனும் உட்கார்ந்தபடியே இருந்தான்.

“நீங்க போங்க.”

“நான் போவல.”

“ஏங்க?”

அவன் பெட்டியைப் பார்த்தபடி இருந்தான்.

“கொல்லைல மாட்டுக்குத் தண்ணி காட்டினு இருந்தேன். அக்கா ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு.”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

“நீ போவேன்னு பார்த்தேன். நீ நாலாவது எடுத்தே.” குரலைத் தாழ்த்தினான். “நான் பக்கெட்டத் தூக்கினு கெணத்தாண்ட போய்ட்டேன். அங்க கேக்காது.”

உள்பக்கம் இருந்த உறவுக்காரர்கள் நற்கருணைக்குப் போக எழுந்தார்கள். மூவரும் முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி வழிவிட்டார்கள். ஒவ்வொருவரும் போகிறபோது அன்னமேரியின் தலையை ஆறுதலாகத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

பெஞ்சில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் போவலியா?” என்றாள் முத்தம்மா, குனிந்து, ரகசியமாக.

நற்கருணை வாங்கப் போகிற உரிமை முத்தம்மாவுக்கு எப்போதும் கிடையாது. எல்லோரும் எழுந்து போகும்போது தனியாக உட்கார்ந்திருப்பது அவளுக்குக் கூச்சம். இன்றைக்குத் துணைக்கு ஆள் இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அன்னமேரிக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.