நிலைபேறு

செங்கதிரோன் தன் பொற்கதிர்களைச் சாய்த்து மேற்றிசையில் இறங்க, கற்றூண்கள் முற்றத்தில் நெடுநிழல்களைக் கிடத்த, கொடிகளில் உலர்ந்த வெண்டுகில்கள் அன்னத்தின் சிறகெனப் படபடக்கும் மாலைப்பொழுதில், பெனடிக்டு என்னும் கிறித்தவ அடிகளாரின் ஒழுங்கைக் கைக்கொண்ட அத்துறவு மடம் அமைதியிற் பொலிந்தது. பல மடங்களினின்றும் வந்த இளம்பெண்கள் ஓராண்டு ஒருங்கே பயின்று, பின்னர்த் தத்தம் மடத்திற்கே மீண்டு, இறுதிவரை அவ்விடம் விட்டகலேன் என உறுதிமொழி கூறுவது அவர்தம் வழக்கமென அறிவீராக, அன்புடையீர்.

அவருள் மலைமடத்தாளை மலைக்காரி என்றும், கடலோர மடத்தாளைக் கடல்காரி என்றும் ஏனையோர் அழைத்தனர். மலைமடத்தில் எஞ்சியோர் முதிய துறவியர் நால்வரே. உடன்பிறந்தாரின்றி வளர்ந்த மலைக்காரிக்கு, ஈரத்துகிலின் மறுமுனையைப் பற்றி முறுக்கியவாறே தன்னை நகைக்கவைக்கும் தோழி கடல்காரி, கடுவெயிலிற் கண்ட சுனையாயினள். பயிற்சி முடியும் தறுவாயில், துணி மடித்துக்கொண்டிருந்த கடல்காரி கையை நிறுத்தினாள்.

"எங்க மடத்துக்கே வந்துடேன்டி. எங்க தலைவியம்மாகிட்ட பேசிட்டேன், சரின்னுட்டாங்க."

உள்ளம் துள்ள, மலைக்காரி பயிற்சித்தலைவியிடம் ஓடினாள். அவரோ, "வாக்குக் குடுக்கற வரைக்கும் உன் விருப்பந்தாம்மா. ஆனா உன்னைக் கூட்டிட்டுப் போக உங்க மடத்திலேருந்து ஒருத்தங்க வந்திருக்காங்க. நீயே சொல்லிடு" என்றார்.

வரவேற்பறையில், மடியில் கம்பளிப் போர்வையுடன் உறங்கி வழிந்த முதிய துறவி கண்விழித்து, "அடிப் பாவி, இப்படி இளைச்சுட்டியே! நீ இல்லாம எங்க பாட்டு தவளைக் கச்சேரியா இருக்கு" என்று நகைத்தார். மலைக்காரி தலைகுனிந்து தன் எண்ணத்தை உரைத்தாள். முதியவர் நகை அவிந்தது. பின்னர் அப்போர்வையை அவள் தோளிற் சுற்றி, "உனக்குன்னு பின்னினது. கடற்காத்தும் குளிருந்தானே, வச்சுக்கோ" என்றார்.

அடைபட்ட கண்ணீர் அணை உடைத்தது. "நம்ம வீட்டுக்கே போகலாம்மா" என்றாள் மலைக்காரி.

மறுநாள் வாயிலில் தோழியர் இருவரும் கைகோத்து நின்றனர். "கோவமா?" என்றாள் மலைக்காரி. "கோவமெல்லாம் இல்லடி. போ, வண்டி நிக்காது" என்று முகந்திருப்பினாள் கடல்காரி.

உறுதிமொழி கூறி மலையில் நிலைபெற்ற பின்னரும், மாலைத் திருப்பாடலில் தன் அடியை முடித்து எதிர்வரிசையின் மறுமொழிக்காக மலைக்காரி நிற்குந்தோறும், தளர்ந்த நால்வர் குரலுக்கு அப்பால் மற்றொரு குரலை அவள் செவி தேடும். அத்தேடல் தணிந்ததுமில்லை, தணியவேண்டுமென அவள் வேண்டியதும் இல்லை. ஓரிடத்தைத் தனதென ஏற்றவர், ஏற்காத இடத்தின் ஏக்கத்தையும் உடன்சுமந்தே வாழ்கின்றனர்.