வினோதினி நின்ற இடம்

எதிரணிக்கு ஓர் ஆள் குறைகிறது என்றதும் வினோதினியின் பெயரைச் சொன்னது பூங்கொடிதான். அதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. தருமபுரத்தில் கூடைப்பந்து கிளப்பின் சிமெண்டுத் தரை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து ‘வங்கக்கரை வேங்கைகள்’ என்ற தொழில்முறை பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் சந்திரலேகாவும் மேலாளர் கமாலுதீனும் காரில் வந்திருந்தார்கள். அந்த ஆண்டு லீகுக்கு அவர்களுக்குப் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் ஓர் இடம். அந்த இடத்துக்கு ஓர் ஆட்டம் வைத்துப் பார்க்க வந்தது பூங்கொடியை. கடைசியாக ஆடிய போட்டியில் ஐந்தே ஆட்டங்களில் நூற்றுப் பதினெட்டுப் புள்ளி எடுத்தவள் அவள்.

பூங்கொடிக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளை எடைமேடையில் ஏற்றி இறக்கும் ஷிப்ட் வேலை. அடுத்த ஆண்டு இப்படி ஒரு கார் தன்னைத் தேடி வராது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே தன்னைத் தடுக்க நிற்பவள் சுமாரான ஆட்டக்காரியாக இருந்தால் நல்லது என்று நினைத்தாள். வினோதினி பட்டினச்சேரியில் அவளுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள், மூன்று வயது இளையவள். ஒரு வருடத்தில் பதினாலு ஆட்டம் ஆடி மொத்தமே முப்பத்தொரு புள்ளி. கிளப் செயலாளர் நெடுமாறன் ஆறு வருடமாக இருவரையும் ஒரே பக்கம்தான் போடுவார். எதிரெதிரே நின்று ஆடியதே இல்லை.

வினோதினி அம்மா கனகத்தோடு வந்தாள். கனகம் மீன் தட்டை மதிலோரம் கவிழ்த்து வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“சீக்கிரம் அனுப்பிரு பூங்கொடி. ஐஸ் வாங்கப் போவணும், கடைய சாத்திருவான்.”

“இருவது நிமிசந்தான் சித்தி.”

“ஒன்னயப் பாக்கத்தான வந்திருக்காங்க? இவ சும்மா நிக்கப்போறா. அதுக்கு எதுக்கு இருவது நிமிசம்?”

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து கைக்கு வந்ததும் பூங்கொடி தன் வழக்கப்படி வலது பக்கம் பாய்ந்தாள். அங்கே வழி இல்லை. வினோதினி ஓடி வந்து அடைக்கவில்லை. முன்பே அங்கே நின்றிருந்தாள். பூங்கொடி பந்தைத் திருப்பி அனுப்பினாள். அடுத்த முறை வலது பக்கம் போவதுபோல் தோளைக் காட்டிவிட்டு இடது பக்கம் திரும்பினாள். வருடக்கணக்கில் எத்தனையோ பேர் அந்தத் தோளுக்கு ஏமாந்து விழுந்திருக்கிறார்கள். வினோதினி தோளைப் பார்க்கவே இல்லை. இடது பக்கமும் அவளே நின்றாள்.

மூன்றாவது முறை பூங்கொடி நின்ற இடத்திலிருந்தே எறிந்தாள். பந்தை யாரும் தொடவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு கை மட்டும் எழுந்து நின்றது. பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது.

“போடுக்கா, போடு!” என்று அவள் அணியில் ஆடிய சிவப்ரியா கத்திக்கொண்டே இருந்தாள். பூங்கொடி எங்கே போட? பந்தைக் கேட்டுச் சட்டென்று விலகி ஓடினால், பந்து வரவேண்டிய கோட்டில் வினோதினியின் கை இருந்தது. நின்றால் மூச்சுக் கேட்கும் தூரத்தில் அவள் நின்றாள். உரசவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. நடுவர் அவளுக்கு எதிராக ஒருமுறைகூட விசில் ஊதவில்லை.

முதல் பத்து நிமிடம் பூங்கொடிக்குக் கோபம் வந்தது. இரண்டாம் பாதியில் எந்த நேரத்தில் அது போனது என்று அவளுக்கே தெரியாது. அவள் வினோதினியின் கண்களைப் பார்த்தாள். அவை பந்தின் மேல் இல்லை. தன் முகத்தில் மட்டும் நிலைத்தும் இல்லை. முகத்திலிருந்து இடுப்புவரை மொத்தமாக, அவசரமில்லாமல் ஒரு பார்வை. அந்தப் பார்வையை அவள் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறாள்.

காலையில் படகுகள் வந்ததும் துறைமுகத்தில் நடக்கும் மீன் ஏலத்தில். பெரிய வியாபாரிகள் அங்கே வாயைத் திறக்க மாட்டார்கள். ஒருவர் கால் விரலைத் தூக்குவார். ஒருவர் சட்டைப் பொத்தானைத் தொடுவார். ஏலம் விடுபவருக்கு அது போதும். பத்தாம் வகுப்பிலிருந்து அம்மாவுக்காக ஏலம் எடுப்பவள் வினோதினி. அந்த விரல் எழுவதற்கு முன்பே, எழப்போகிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியும். யார் இன்னும் விலை ஏற்றுவார், யார் முடித்துவிட்டார் என்று தெரிந்துகொள்ள மற்ற பெண்கள் அவளை ஒட்டி வந்து நிற்பார்கள். பூங்கொடி அதை வியாபாரச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தாள். அதே கண்கள் இப்போது அவள்மேல் இருந்தன. ஆறு வருடமாக அவள் முதுகுக்குப் பின்னாலும் இருந்திருக்கின்றன.

இருபது நிமிடம் முடிந்தபோது பூங்கொடி எடுத்தது நான்கு புள்ளி. வேறொருத்தி தள்ளிவிட்டதற்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோ. வினோதினி தண்ணீர் குடிக்க வெளியே உட்கார்ந்த ஒரு நிமிடத்தில் ஒரு கூடை. வினோதினி எடுத்தது பூஜ்யம்.

சந்திரலேகா நாற்காலியை விட்டு எழுந்து வெகுநேரமாகியிருந்தது. அவர் வினோதினியைத்தான் முதலில் கூப்பிட்டார்.

“அவங்க எந்தப் பக்கம் போவாங்கன்னு உனக்கு எப்படிம்மா தெரியுது?”

வினோதினி பூங்கொடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “வலது பக்கம் போறதுக்கு முன்னாடி அக்கா மூச்ச நிறுத்தும். எறியப்போவுதுன்னா கீழ் உதட்ட உள்ள இழுத்துக்கும்.”

“ஏன்டி, இத்தன வருசமா சொல்லல?” என்றாள் பூங்கொடி.

“சொன்னா மாத்திக்குவியே.”

சந்திரலேகா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் கால்களை, தோள்களை, முகத்தை நிதானமாகப் பார்த்தார். கடற்கரையில் புதிதாகக் கரையேறிய ஏதோ ஒன்றைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு கமாலுதீனிடம், “இவள எடுத்துக்கலாம்” என்றார்.

“மேடம், வருஷத்துக்கு முப்பத்தொரு பாயிண்ட். ஓனர்கிட்ட என்னன்னு சொல்றது?”

“நம்மகிட்ட பாயிண்ட் போடறவங்க ஆறு பேர் இருக்காங்க கமால். போன வருஷம் ஏன் கடைசியா வந்தோம்?”

 கமாலுதீன் பூங்கொடியைத் தனியாக நான்கடி அழைத்துப் போனார். பேச்சில் இரக்கம்தான் இருந்தது.

“கால்ல அடின்னு செயலாளர் சொன்னாரே. அதனாலதான் இன்னைக்கு இப்படின்னா சொல்லிருங்கம்மா. இந்த ஆட்டத்த கணக்குல வெக்கல. நாளைக்குக் காலையில வேற ஆளுங்கள நிறுத்தி இன்னொரு தடவ பாத்துட்டுப் போறோம். உங்க பழைய வீடியோவெல்லாம் ஓனருக்கு ரொம்பப் புடிச்சிருக்கு.”

இரண்டு வாரத்துக்கு முன் கணுக்கால் பிசகியது உண்மைதான். ஊருக்கே தெரியும். ஆமாம் என்றால் அது முழுப் பொய்கூட இல்லை. கொஞ்ச தூரத்தில் நின்ற சிவப்ரியா, ‘ஆமாம்னு சொல்லு’ என்பதுபோல் தலையைத் தலையை ஆட்டினாள். பூங்கொடி தன் காலைப் பார்த்தாள். வலி எதுவும் இல்லை. இந்த வருடம் முழுக்க அவள் இவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை. அதுதான் அவளை மலைக்க வைத்தது. தன்னிடம் இருந்த அத்தனையும் போட்டாகிவிட்டது.

“கால் நல்லாருக்கு சார்,” என்றாள். “நான் நல்லாத்தான் ஆடினேன். அவ விடல. நாளைக்கு ஆடினாலும் விட மாட்டா. உங்ககிட்ட இருக்கற ஆறு பேரையும் கொண்டாந்து விடுங்க, அவங்களையும் விட மாட்டா.”

 சொல்லிவிட்டு, தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

சந்திரலேகா சொன்னதும் ஒப்பந்தத் தாள்களைக் காரின் முன்பக்கத்தில் விரித்தார்கள். காற்றில் பறக்காமல் இருக்கக் கனகம் தன் எடைக்கல்லை எடுத்து வைத்தாள்.

“டிவியில ஏலம் விட்டுல்ல எடுக்குறாங்க? எம் மவள யாரு ஏலம் கேட்டா?”

“ஏலமெல்லாம் முடிஞ்சிருச்சும்மா. இது நேரடியா எடுக்கறது.”

“நேரடியா எடுத்தா நம்மளுக்குத்தான் நட்டம்” என்றாள் கனகம், பொதுவாக.

கமாலுதீன் பக்கம் பக்கமாக விளக்கினார். வினோதினி தாளைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். நான்காவது பக்கம் வந்தபோது, “சார், அதுல என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

“அது வழக்கமா எல்லாருக்கும் போடறதும்மா.”

“இல்ல, மத்த பக்கத்துல எல்லாம் வெரல வெச்சுப் படிச்சீங்க. இதுல வெரல எடுத்துட்டீங்க.”

சந்திரலேகா தாளை வாங்கிப் படித்தார். ஆடும்போது அடிபட்டால் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்தியச் செலவு அணியைச் சேராது என்று இருந்தது. அவர் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். கமாலுதீன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தோற்றதற்கு வருத்தப்படாத ஒரு சிரிப்புச் சிரித்தார். “எடுத்துக்கலாம் மேடம். ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன்” என்றார். வினோதினி கையெழுத்துப் போட்டாள்.

கார் போன பிறகு கனகம் எடைக்கல்லைத் தட்டில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பூங்கொடியின் அருகில் வந்து அவள் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, ஐஸ் கடைக்குத் தனியாகவே நடந்தாள்.

வினோதினி தரையைப் பார்த்தபடி நின்றாள். “அக்கா, நான் வேணும்னு...”

“வாய மூடிட்டு அங்க போயி நில்லு.”

“எங்க?”

“வளையத்துக்குக் கீழ. நீ கெளம்பறதுக்கு இன்னும் பத்து நாளு இருக்குல்ல? அதுக்குள்ள ஒரு தடவயாவது ஒன்னயத் தாண்டணும்.”

வினோதினி போய் நின்றாள். முழங்காலை மடித்து, கைகளை விரித்து, அந்தப் பார்வையோடு. பூங்கொடி மூச்சை நிறுத்தவில்லை, உதட்டை இழுக்கவில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, மூன்று முறை பந்தைத் தட்டிவிட்டு, வாழ்நாளில் செய்யாத விதமாக எதிர்ப்பக்கம் சுழன்று பாய்ந்தாள்.

வினோதினி அங்கே நின்றிருந்தாள்.

பூங்கொடி பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இப்ப எதப் பாத்த?”

“சென்னைக்குப் போயி ஃபோன்ல சொல்றேன்.”

“கழுத,” என்றாள் பூங்கொடி. நடுக்கோட்டுக்குத் திரும்பிப் போய், மறுபடி பந்தைத் தட்டத் தொடங்கினாள்.