சொரிமுத்து விட்டுப்போன டேங்க்

சோலார்க்காரன் வருகிறான் என்றால் மற்ற வீடுகளில் டீ போடுவார்கள். பம்பாய்ச் செம்பூரில் பேராச்சி வீட்டில் முருகன் காலண்டரைக் கழற்றினார்கள். கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வாசலில் காலையில்தான் போட்ட கோலத்தையும் ஈரத்துணியால் துடைத்தாள் பேராச்சி. மாவிலைத் தோரணத்தை மட்டும் விட்டுவைத்தாள். அது மராட்டிக்காரர் வீட்டிலும் தொங்கும்.

"இந்தா பாருங்க," என்றாள் புருஷனிடம். "வாரவன் போற வரைக்கும் ஒரு சொல்லு தமிழ் வாயில வரப்பிடாது. என் பேரு பிரேமா. உங்களுக்குப் பேரே வேண்டாம், பேசாம இருந்தாப் போதும்."

பூலோகம் தலையைச் சொறிந்தார். "நம்ம ஊர்க்காரனா இருந்தா நல்லதுதானட்டி? நாலு காசு பாத்துப் போடுவாம்லா."

"நம்ம ஊர்க்காரன் பாத்துப் போட்டதுதான் மாடியில கெடக்கே. போயி ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க."

பூலோகம் கட்டிலுக்கு அடியில் காலண்டரை இன்னும் உள்ளே தள்ளினார். மாடியில் கிடந்தது அப்படி.

நம் ஆட்கள் நெருக்கிக் குடியிருந்த லேபர் கேம்பிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த புதிதில், சொரிமுத்து என்று ஒருவன் வந்தான். 'அண்ணாச்சி எந்த ஊரு' என்று ஆரம்பித்து, அரை மணி நேரத்தில் பூலோகத்துக்குத் தம்பி முறை ஆகிவிட்டான். நம் ஆட்களிடம் இது ஒரு வியாதி. ஊர் தெரிந்துவிட்டால் உறவு வந்துவிடும், உறவு வந்துவிட்டால் விலை கேட்கக் கூடாது, பில் கேட்கக் கூடாது, 'இது என்ன கம்பெனி' என்று கேட்டால் மூஞ்சி சுருங்கிவிடும். சொரிமுத்து மீன் குழம்பும் சோறுமாய் ஒரு பிடி பிடித்துவிட்டு, மொட்டைமாடியில் சூரிய வெப்பத்தில் சுடுதண்ணீர் தரும் டேங்க் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தான். தண்ணீர் ஒரு குளிர்காலத்துக்குச் சுட்டது. அடுத்த மழைக்கு டேங்கின் மூட்டு விட்டுப்போய், தண்ணீர் தளத்தில் இறங்கி, கீழே ஊறவைத்திருந்த இட்லி அரிசியில் சிமெண்டுக் கரைசலாய்ச் சொட்டியது. கேம்பில் அவன் வீட்டைத் தேடிப் போனால், அவன் பெண்டாட்டி கதவை ஒருச்சாய்த்து, "தாதருக்குப் போயிருக்காவ" என்பாள். எப்போது போனாலும் தாதர்தான். அப்படி என்ன தாதரோ!

அந்த டேங்கைப் பேராச்சி இறக்கவே விடவில்லை. துருப்பிடித்தாலும் பரவாயில்லை, பூலோகம் இன்னொருவனை நம்பத் துணியும்போதெல்லாம் கையைக் காட்ட ஒரு சாட்சி வேண்டும் அல்லவா?

இப்போது சோலார் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. கீழே இரண்டு கிரைண்டர், ஒரு பெரிய ஃபிரிட்ஜ். மாவு விற்று வருவதில் பாதியைக் கரண்டு பில் தின்றது. சீட்டு எடுத்த பணம் ஒன்றுதான் கையில். இதில் ஏமாந்தால் கிரைண்டர் நிற்கும், கிரைண்டர் நின்றால் பேராச்சி மறுபடி ஃபிளாட் ஃபிளாட்டாய்ப் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டும்.

முதலில் வந்தவன் கழுத்தில் டை, கையில் டேப்லெட். பத்து பேனல் என்றான். மாடிக்கு ஏறி நாலு போட்டோ எடுத்தான், இறங்கிவிட்டான். அளவு நாடாவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. 'ஆஃபர் இன்று சாயங்காலத்தோடு முடிகிறது மேடம்' என்றான். சூரியன் நாளைக்கும் வருமே, இவன் ஆஃபர் மட்டும் ஏன் சாயங்காலம் அஸ்தமிக்கிறது என்று பேராச்சிக்குச் சுருக்கென்றது. போகும்போது, 'அந்தப் பழைய டேங்கை நாங்களே இலவசமாக எடுத்துப் போகிறோம்' என்றான் பாருங்கள், அப்போதே அவனை மனதுக்குள் வாசல் தாண்டித் தள்ளிவிட்டாள்.

அடுத்து ராஹில். இரண்டு தெரு தள்ளி எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் பையன். கொட்டேஷன் மூன்றில் அதுதான் மலிவு. அதுதான் உதைத்தது. 'எந்தக் கம்பெனி பேனல் பையா?' என்று இந்தியில் கேட்டாள். 'கிடைக்கிறதைப் போட்டுவிடலாம் ஆன்ட்டி, எல்லாம் ஒன்றுதான்' என்றான். எல்லாம் ஒன்று என்றால் அப்புறம் எதற்குத் தனித்தனிப் பெயர்? 'எங்கெல்லாம் மாட்டியிருக்கிறாய்?' என்றாள். 'உங்கள் வீடுதான் போணி' என்று சிரித்தான். நல்ல பையன்தான், பேராச்சிக்கே பாவமாக இருந்தது. பாவம் பார்த்துக் கூரையைக் கொடுக்க முடியுமா?

மூன்றாவது ஆள் தன் பெயர் ராஜூ என்றான். முப்பது வயதிருக்கும். இந்தியை அளந்து அளந்து பேசினான். மாடியில் ஏறி அளவெடுத்தான், தளத்தைக் குதிகாலால் தட்டினான், தென்புறம் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆறு போதும் ஆன்ட்டி," என்றான். "அந்தப் பக்கம் போட்டால் கட்டடம் உயர்ந்ததும் நிழல் விழும். பணம் வீண்."

பேராச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. விற்க வந்தவன் எங்கேயாவது குறைத்து வாங்கு என்பானா? மீன் விற்கிறவள்கூட 'இன்னொரு கூறு எடுத்துக்கோ' என்றுதானே சொல்வாள்! இதில் என்னமோ சூது இருக்கிறது. படிக்கட்டில் பூலோகம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவருக்கு ஆளைப் பிடித்துவிட்டது. அதுவே அவளுக்கு இன்னும் சந்தேகமாகப் போயிற்று.

கீழே இறங்குகிற பாவனையில் இரண்டு படி இறங்கி, சுவர் மறைவில் நின்று எட்டிப் பார்த்தாள். ராஜூ அந்தப் பழைய டேங்கை நோக்கிப் போனான். 'ஆஹா, செம்புக் குழாயில் கண்' என்று நினைத்தாள். அவன் குழாயைத் தொடவில்லை. குந்தி உட்கார்ந்து, டேங்கின் வயிற்றில் படிந்திருந்த தூசியைப் புறங்கையால் துடைத்தான். அங்கே வெளிறிப்போன சிவப்புப் பெயிண்டில் கையால் எழுதிய ஒரு வரி இருந்தது. ராஜூவின் உதடு அசைந்தது.

"சுடலைமாடன் துணை."

பேராச்சி விறைத்துப்போனாள். காலண்டரைக் கழற்றினாள், கோலத்தைத் துடைத்தாள், புருஷன் வாயைக் கட்டினாள். மாடியில் இத்தனை வருஷமாய்த் தமிழை எழுதி வைத்துக்கொண்டிருப்பது அவளுக்கே மறந்து போயிருந்தது. அதைவிட, இந்தி ராஜூவுக்குத் தமிழ் வாசிக்க எப்படித் தெரிந்தது?

"ஏலே!" என்று ஒரே பாய்ச்சலாய் மேலே வந்தாள். "தமிழ் ஆளாலே நீ? ராஜூவாம்ல, ராஜூ! யாரை ஏமாத்தப் பேர மாத்திட்டு வந்த?"

"ஏட்டி, நீ தமிழ்ல பேசிட்ட," என்றார் பூலோகம் படிக்கட்டிலிருந்து.

"நீங்க சும்மா கெடங்க!"

பையன் எழுந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது. "நீங்களும்தான் பிரேமான்னு சொன்னீங்க, பெரியம்மா," என்றான் மெதுவாக.

"நான் ஏன் சொன்னேன்னு இந்தா நிக்குல்ல டேங்கு, அதுகிட்ட கேளு. நீ ஏன் சொன்ன?"

அவன் டேங்கைப் பார்த்தான். "எனக்கும் அதேதான் காரணம். என் பேரு சுயம்பு. சொரிமுத்து மகன்."

பக்கத்துக் கட்டடத்தில் கம்பி வெட்டுகிற சத்தம் கேட்டது. பேராச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த நாளுக்காக அவள் எத்தனை வசவு சேர்த்து வைத்திருந்தாள்! மாவு அரைக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாய்த் தீட்டி வைத்திருந்தாள்.

"எங்க உங்கப்பன்? இன்னும் தாதர்லதான் இருக்கானா?"

"இல்ல பெரியம்மா. கொரோனாவுல போயிட்டாரு."

அவளுக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை. செத்தவனை எப்படித் திட்டுவது? ஆனால் திட்டாமல் எப்படி விடுவது?

"தமிழ்ல பேசுனா மொதக் கேள்வி எந்த ஊரு," என்றான் சுயம்பு. "ரெண்டாவது யாரு மகன். அதுக்குப் பதில் சொன்னா, கையில குடுத்த டீ கிளாஸத் திரும்ப வாங்கி வச்சிருவாவ. மாட்டுங்காவுலயும் அப்படித்தான், நெருள்லயும் அப்படித்தான். அதான் ராஜூ. இது உங்க வீடுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சா படி ஏறியிருக்க மாட்டேன்." பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "ராஹிலும் உங்களுக்குக் கொட்டேஷன் குடுத்ததா அவன் கடையில சொன்னான், நல்ல பையன். பேனல் கம்பெனிப் பேர மட்டும் எழுதி வாங்கிட்டு வேலையக் குடுங்க. வாரேன்."

"நில்லு," என்றாள் பேராச்சி.

அடிக்கப் போகிறாளோ என்று பூலோகம் ஒரு படி மேலே ஏறி வந்தார்.

"வேலை உனக்குத்தான்."

"ஏட்டி!" என்றார் பூலோகம். நம்பச் சொல்லிக் கெஞ்சியவரே இப்போது மிரண்டுபோனார். "இவன் அப்பன்தான..."

"அதனாலதான் சொல்லுதேன். டை கட்டுனவன் ஓடிட்டான்னா, அவன் கம்பெனி இருக்க தானாவுல போயி எந்தத் தெருவுல தேட? இவன் ஓடுனா எனக்கு வீடு தெரியும், கதவு தெரியும், இவன் அம்ம எந்தக் குழாயில தண்ணி புடிக்கான்னு தெரியும். மூணு பேர்ல எனக்கு முழுசாத் தெரிஞ்ச களவாணி வீடு இது ஒண்ணுதான். நல்லா கேட்டுக்கோ சுயம்பு, உன்ன நான் நம்பல. ஆறு பேனல்னு சொன்னியே, அந்த ஒரு வார்த்தைய மட்டும் நம்புதேன். அதுவும் அரைகுறையாத்தான்."

சுயம்பு தலையாட்டினான். கண் கலங்கியதை மறைக்கக் கட்டடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்த டேங்க நான் எறக்கிப் போட்டுருதேன் பெரியம்மா. காசு வேண்டாம்."

"தொட்டேன்னு வையி, கைய ஒடிச்சிருவேன். அது அங்கனயே கெடக்கட்டும். அதப் பாத்துக்கிட்டே வேலையச் செய்யி."

அப்படியே செய்தான். சித்திரை வெயிலில் அப்பன் விட்டுப்போன டேங்குக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, ஒவ்வொரு போல்ட்டாய் முறுக்கினான். பேராச்சி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள், குடை தனக்கு, அவனுக்கு இல்லை. பேனலின் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள், மறுநாள் மறுபடி படிக்கச் சொன்னாள்.

மழை வந்தது. பம்பாய் மழையைச் சொல்லவா வேண்டும்? ஒவ்வொரு நாளும் கட்டில்மேல் ஏறி நின்று உள்கூரையைத் தடவிப் பார்த்தாள். நாலு தடவை சும்மாவே போன் போட்டு, "ஒழுகுது, வா" என்றாள். நாலு தடவையும் அவன் நனைந்துகொண்டு வந்து, ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டுப் போனான். ஒரு தடவைகூட தாதரில் இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

மழை ஓய்ந்து வெயில் தெளிந்த பிறகு, பேராச்சி மறுபடி கூப்பிட்டாள். சுயம்பு பயந்துபோய் வந்து நின்றான்.

"அந்த டேங்க எறக்கிரு," என்றாள், மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே.

அவன் பையைத் திறந்தான். துருப்பிடித்த போல்ட்டுகளை அறுத்து, கயிறு கட்டி, பூலோகத்தின் தோளும் சேர டேங்கைத் தெருவில் இறக்கினான். பழைய இரும்புக்காரன் தள்ளுவண்டியோடு காத்து நின்றான். அப்போதுதான் சுயம்பு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பெரியம்மா, அந்த எழுத்து இருக்க தகரத்த மட்டும் வெட்டி எடுத்துக்கிடட்டா?"

பேராச்சியின் புருவம் உடனே ஏறியது. "எதுக்கு? அத வச்சி என்ன பண்ணப் போற?"

"ஒண்ணுமில்ல. அப்பா கையெழுத்து எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல."

அவள் அவனையே பார்த்தாள். வருஷக்கணக்காய் மனதில் அடுக்கி வைத்திருந்த வசவுகளில் ஒன்றைக்கூட அந்த நேரம் தேடிப் பிடிக்க முடியவில்லை. உள்ளே போய்த் தகரம் வெட்டுகிற கத்திரியை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"ஓரத்தப் பாத்து வெட்டு," என்றாள். "கையக் கிழிச்சிராத. டீ போடுதேன், குடிச்சிட்டுப் போ."